சேம அச்சு: கரிசல் சாலையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

புரட்டாசி மாதம், பிற்பகல் மூன்று மணி. சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகும் சாலையோரம், ஒதுங்க ஒரு நிழல்கூட இல்லாத கரிசல் காட்டில் நண்பரின் ஸ்போர்ட்ஸ் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இரண்டே இருக்கை, தரையைத் தொட்டுவிடும் போலத் தாழ்ந்த உடம்பு, அகன்ற டயர்கள். விஜயகரிசல்குளம் அகழாய்வு மேட்டைப் பார்த்துவிட்டு, சாத்தூரில் நாற்கரச் சாலையைப் பிடித்து, இருட்டுவதற்குள் கன்னியாகுமரி போய்விடலாம் என்று கிளம்பியிருந்தோம்.

எதிரே வந்த லாரிக்கு வழிவிட நண்பர் இடப்பக்கம் ஒதுங்கினார். தார் முடிகிற இடத்தில் சாலை நாலு விரற்கடை இறங்கியிருந்தது. விளிம்பில் ஜல்லி கூராக நீட்டிக்கொண்டிருந்தது. பின் சக்கரம் அதில் உரசி ஏறியபோது கேட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இறங்கிப் பார்த்தால் டயரின் பக்கவாட்டில் அரிவாளால் கீறியதுபோல ஒரு வெட்டு.

காரின் பின்பக்கத்தைத் திறந்தோம். அடித்தளத்தைத் தூக்கினால் சக்கரம் இல்லை. ஒரு பிளாஸ்டிக் குப்பியில் வெள்ளைக் கரைசலும், காற்றடிக்கிற சின்ன மிஷினும் இருந்தன. கையேட்டில் சொன்னபடியே கரைசலை டயருக்குள் ஏற்றினோம். அது அந்த வெட்டு வழியாகவே பால் பொங்குவதுபோலப் பொங்கி மண்ணில் இறங்கியது.

கொஞ்ச நேரத்தில் டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில் ஒருவர் வந்து நின்றார். அடுத்த ஊரில் பஞ்சர் கடை வைத்திருக்கிறாராம். "ஸ்டெப்னிய எடுங்க அண்ணாச்சி, மாட்டிவிட்ருவோம்" என்றார்.

"ஸ்டெப்னி கிடையாது" என்றார் நண்பர்.

அவர் நம்பவில்லை. குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். முன்பக்க மூடியைத் திறக்கச் சொல்லி அங்கேயும் பார்த்தார். "இம்புட்டு வெலக் காருக்கு ஸ்டெப்னி இல்லையா?" என்று கேட்டதில் கேலி இல்லை, உண்மையான வருத்தம்தான் இருந்தது. "பக்கத்துல கிழிஞ்சா பஞ்சர் போட முடியாது அண்ணாச்சி. டயரத்தான் மாத்தணும். இந்த அளவு டயர் மதுரையிலயே சொல்லிவச்சுத்தான் வாங்கணும்."

மதுரையிலிருந்து தூக்கு வண்டி வந்து சேர்ந்தபோது இரவு எட்டு மணி. இடைப்பட்ட ஐந்து மணி நேரத்தில் பட்டாசு ஆலைகளுக்குப் போன தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு வேன்கள் வரிசையாக எங்களைக் கடந்து ஊர் திரும்பின. இருட்டத் தொடங்கியதும் ஒவ்வொரு வேனின் விளக்கும் எங்கள் காரைக் கண்டு கடைசி நொடியில் விலகியது. கார் கெட்டு நின்றதைவிட அதுதான் என்னை அதிகம் உறுத்தியது. நாங்கள் சும்மா இருந்த சாலையில் ஓர் ஆபத்தை நிறுத்தி வைத்திருந்தோம்.

உமணர் கட்டிய அச்சு

ஸ்டெப்னி என்பது தமிழில் இன்று ஆங்கிலச் சொல்லாகவே யாருக்கும் தோன்றுவதில்லை. மாட்டு வண்டியைத் தவிர வேறு வண்டி ஓட்டாதவருக்கும் அதன் பொருள் தெரியும். அந்தப் பெயர் வேல்ஸ் நாட்டின் லனெல்லி என்ற ஊரில் இருக்கும் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1904-இல் அங்கே டேவிஸ் சகோதரர்கள் ஆரங்கள் இல்லாத ஒரு சக்கரத்தை விற்கத் தொடங்கினார்கள். காற்று நிரப்பிய டயரோடு கூடிய வெறும் வளையம் அது. பஞ்சரான சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். அதன் பக்கத்தில் இந்த வளையத்தைப் பூட்டிக்கொண்டு வண்டியை ஓட்டிப் போய்விடலாம். இங்கிலாந்தில் அந்தப் பெயர் எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. சாத்தூர் லாரி ஷெட்டிலும் திருத்தங்கல் டீக்கடையிலும் இன்றும் உயிரோடு இருக்கிறது.

பெயர்தான் லனெல்லியிலிருந்து வந்தது. எண்ணம் நம்மிடம் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. புறநானூற்றின் 102-ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழ ஓர் உவமை தேடுகிறார். உப்பு வணிகரான உமணர்கள் தங்கள் வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போகும் சேம அச்சுதான் அவர் கண்ட உவமை. ஓடுகிற அச்சு முறிந்தால் மாற்றிப் பூட்டுவதற்கான இன்னோர் அச்சு அது. அதை ஏன் கட்டினார்கள் என்பதற்கு அந்தப் பாட்டிலேயே காரணமும் இருக்கிறது. எருதுகள் இளசு, நுகத்துக்குப் பழகாதவை. ஏற்றிய பாரமோ பெரிது. போகிற வழியில் எங்கே பள்ளம், எங்கே மேடு என்று யாருக்கும் தெரியாது.

இழுக்கிற விலங்கு, சுமக்கிற பாரம், தெரியாத வழி. நெடும்பயணம் கிளம்புகிற எந்த வண்டிக்கும் கேட்க வேண்டிய கேள்விகள் இந்த மூன்றும்தான். ஓர் அரசகுமாரனைப் பாட வந்த புலவர் வண்டிக்கு அடியில் கிடக்கும் மரத்துண்டைத் தேர்ந்தெடுத்தார் என்பது என்னை ஒவ்வொரு முறையும் நெகிழ வைக்கிறது. தேவைப்படும்வரை கண்ணில் படாமல் கிடந்து, தேவைப்படும் நொடியில் எல்லாமாக நிற்கும் பொருளுக்கு அவர் கொடுத்த மரியாதை அது.

தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு எங்கள் விருதுநகர் மாவட்டத்தைக் கடந்து போகும் லாரிகளைக் கவனித்துப் பாருங்கள். இன்றைக்கும் ஸ்டெப்னி உடம்புக்கு அடியில்தான் சங்கிலியில் தொங்குகிறது. உமணர் கட்டிய அதே இடம்.

பந்தயக் காரும் சுமந்தது

ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே எடை குறைவு, அதில் ஸ்டெப்னிக்கு ஏது இடம் என்று கேட்பவர்கள் உண்டு. கார்ப் பந்தயத்தின் வரலாறு வேறு கதை சொல்கிறது. 1895-இல் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் பந்தயத்தில் மிஷலின் சகோதரர்கள் முதன்முதலாகக் காற்றடைத்த டயரோடு ஒரு காரை ஓட்டினார்கள். கொண்டுபோன டியூப்கள் எல்லாம் தீரும் அளவுக்குப் பஞ்சர். ஆனாலும் பந்தயத்தை முடித்தார்கள். 1906-இல் லே மானில் நடந்த முதல் கிராண்ட் பிரி பந்தயத்தில் ரெனோ காரில் வந்த ஃபெரென்ச் சிஸ் வென்றார். அந்த வெற்றியில் பெரும்பங்கு கழற்றி மாட்டக்கூடிய மிஷலின் வளையங்களுக்கு உண்டு. மற்றவர்கள் பலர் சாலையோரம் உட்கார்ந்து டயரை அறுத்தெடுத்துக் கால் மணி நேரம் போராடியபோது அவரும் உடன் வந்த மெக்கானிக்கும் சில நிமிடங்களில் மாற்றிவிட்டுக் கிளம்பினார்கள்.

1950-களிலும் 60-களிலும் ஸ்போர்ட்ஸ் கார் பந்தயங்களில் ஓடும் காருக்குள் ஒரு மாற்றுச் சக்கரம் இருந்தாக வேண்டும் என்று விதியே இருந்தது. நெடுவழி போகக்கூடிய காருக்குத்தான் ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர் என்பது அன்றைய நம்பிக்கை. லே மானில் வென்ற ஃபோர்டு ஜிடி40 தன் மூக்குக்குள் ஸ்டெப்னியை வைத்திருந்தது. பழைய போர்ஷே 911-களில் அது முன்மூடிக்குள் இருந்தது. மோர்கன் கார்கள் அதை முதுகிலேயே சுமந்தன, ஓர் அணிகலன்போல.

பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. பிரேக் பெரிதாகியது, அதைச் சுற்றி நிற்க 19 அங்குலம், 20 அங்குலச் சக்கரங்கள் வந்தன. முன்னால் ஓர் அளவு, பின்னால் அதைவிட அகலமான இன்னோர் அளவு என்று டயர்கள் பிரிந்தன. ஒரே ஸ்டெப்னி நான்கு மூலைக்கும் பொருந்தும் என்ற நிலை அதோடு போனது. 1997-இல் வந்த ஐந்தாம் தலைமுறை கார்வெட், காற்றுப் போனாலும் ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயர்களை நம்பி ஸ்டெப்னியையே விட்டுவிட்டது. சக்கரமும் ஜாக்கியும் சேர்ந்து பதினைந்து இருபது கிலோ. அதை இறக்கிவைத்தால் எடையும் குறையும், விலையும் குறையும், இடமும் கிடைக்கும்.

நம் நாட்டு விதியும் இப்போது இதை ஏற்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2020 ஜூலையில் ஒரு திருத்தம் வந்தது. ஓட்டுநரையும் சேர்த்து ஒன்பது பேர் வரை போகும், 3.5 டன்னுக்கு மேற்படாத பயணிகள் காரில் டியூப்லெஸ் டயரும், டயர் அழுத்தம் காட்டும் கருவியும், பழுது நீக்கும் பெட்டியும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயம் இல்லை. 2020 அக்டோபர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. மிச்சமாகும் இடத்தில் மின்சாரக் கார்களுக்குப் பெரிய பேட்டரி வைக்கலாம் என்பதும் அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

சட்டம் விலக்கு அளித்திருக்கிறது. சாலை விலக்கு அளித்திருக்கிறதா என்பதை அவரவர் போகிற வழியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எண்பது கிலோமீட்டர் கணக்கு

எங்கள் பக்கத்துச் சாலைகளைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை ஓடும் தேசிய நெடுஞ்சாலை 44 விருதுநகரையும் சாத்தூரையும் தொட்டுப் போகிறது. அகன்ற, நல்ல சாலை. அதில் போகும்வரை பெரிய கவலை இல்லை. 1033 என்ற எண்ணுக்கு அழைத்தால் நெடுஞ்சாலை உதவியும் கிடைக்கும். ஆனால் ஊர் பார்க்க வருகிறவர் அதிலேயே போய்க்கொண்டிருக்கப் போவதில்லை. விருதுநகரில் எண்ணெய் பரோட்டா சாப்பிட்டுவிட்டுத் திருத்தங்கல் வழியாகச் சிவகாசி போவார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்குவார். சாத்தூரில் சேவும் இருக்கன்குடியில் மாரியம்மன் தரிசனமும் உண்டு. நாற்கரச் சாலையை விட்டு இறங்கி ஏழாயிரம்பண்ணை, தாயில்பட்டி, வெம்பக்கோட்டை என்று போனால் இருபுறமும் கரிசலும் பட்டாசு ஆலைகளின் வேலியும்தான் துணைக்கு வரும்.

இந்த மண்ணில் டயருக்கு எதிரிகள் இரண்டு. ஒன்று சீமைக் கருவேல முள். வெட்டிய விறகை ஏற்றிப்போகும் வண்டியிலிருந்து ஒரு கொப்பு விழுந்தால் போதும். முள் டயரில் ஏறி ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும். காற்று ஒரேயடியாகப் போகாது. சொட்டுச் சொட்டாக இறங்கும். மாலையில் நிறுத்திய வண்டி காலையில் உட்கார்ந்திருக்கும். முள் குத்தினால் பஞ்சர் குச்சியோ கரைசலோ காப்பாற்றிவிடும். இன்னொன்று கரிசல் மண்ணேதான். மழை பெய்தால் ஊதும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மேல் போட்ட தார் விளிம்பு விளிம்பாக உடைந்து உதிர்கிறது. அந்த விளிம்புதான் எங்கள் டயரைக் கிழித்தது. பக்கவாட்டுக் கிழிசலுக்கு எந்தக் கரைசலும் மருந்தில்லை. தடிமன் குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் டயரில் வளையத்துக்கும் சாலைக்கும் நடுவே இருக்கும் ரப்பர் நாலைந்து விரல் உயரம்தான். அடி நேராக உள்ளே இறங்குகிறது.

ரன்-ஃபிளாட் டயர் போட்டிருந்தால்? காற்றே இல்லாமல், மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகத்தில், ஏறக்குறைய 80 கிலோமீட்டர் போகலாம் என்பது அதற்குச் சொல்லப்படும் பொதுவான அளவு. ஐரோப்பாவில் 80 கிலோமீட்டருக்குள் பெரும்பாலும் டயர் கடை வந்துவிடும். இங்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாத்தூரிலிருந்து வடக்கே மதுரை சுமார் 70 கிலோமீட்டர், தெற்கே திருநெல்வேலி சுமார் 80. அதாவது மருந்து தீருகிற தூரத்தில்தான் மருத்துவமனை வருகிறது. குற்றாலம் போகும் வழியில் ராஜபாளையத்துக்கு அப்பால் டயர் போனால் கணக்கு இன்னும் இறுகும். போய்ச் சேர்ந்த கடையில் அந்த அளவு டயர் இருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை.

தமிழ்நாட்டில் டயருக்குப் பஞ்சமில்லை. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப் நாடறிந்த டயர் நிறுவனம் ஆனது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், தேர்வாய்கண்டிகை என்று சென்னையைச் சுற்றிப் பல நிறுவனங்களின் டயர் ஆலைகள் இருக்கின்றன. மதுரைக்குப் பக்கத்தில் வெள்ளரிப்பட்டியில் இருசக்கர வண்டி டயர்கள் உருவாகின்றன. சாத்தூரில் லாரி டயர் இன்றைக்கே கிடைக்கும், பைக் டயர் இப்போதே கிடைக்கும். ஆயிரத்தில் ஒருவர் வைத்திருக்கும் 20 அங்குல டயரை எந்தக் கடைக்காரர் முதல் போட்டு வாங்கி அடுக்கி வைப்பார்? கார் எவ்வளவு அபூர்வமோ உதவியும் அவ்வளவு தொலைவு.

மதுரையில் ஒரு பழைய கதை சொல்வார்கள். 1911-இல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனம் பேருந்து விட ஆரம்பித்த காலத்தில், மாடுகளின் லாடத்திலிருந்து விழுந்த ஆணிகள் சாலையெங்கும் கிடக்குமாம். பஸ் டயர் பஞ்சராகி நேரம் தவறக் கூடாது என்று, காந்தம் பொருத்திய வண்டி ஒன்றை ஓட்டி ஆணிகளைப் பொறுக்க வைத்தார்களாம். சாலையின் குறையைப் பயணியின் தலையில் கட்டக் கூடாது, வண்டி விடுகிறவர் அதை முன்கூட்டியே நினைக்க வேண்டும் என்ற பொறுப்பு அந்தக் கதையில் இருக்கிறது. நமக்கு முன்னால் காந்த வண்டி போகாது. அந்த முன்யோசனையை நாமே சுமக்க வேண்டியதுதான்.

எதைச் சுமப்பது, எங்கே வைப்பது

இரண்டு இருக்கைக் காரில் முழு அளவுச் சக்கரம் பெரும்பாலும் அடங்காது. அதற்காகத்தான் ஸ்பேஸ் சேவர் என்ற ஒல்லிச் சக்கரம் இருக்கிறது. அகலம் குறைவு, எடை குறைவு. மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது. சாதாரண டயருக்கு 32, 35 பிஎஸ்ஐ என்றால் இதற்குப் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும். இது தெரியாமல் வழக்கமான அளவுக்கே காற்றடித்து வைப்பவர்கள் நிறையப் பேர்.

வாங்குமுன் நான்கு பொருத்தம் பார்க்க வேண்டும். போல்ட் துளைகளின் வட்டமும் நடுத்துளையும் சரியாக உட்கார வேண்டும். சக்கரத்தின் உள்பக்கம் பிரேக் காலிப்பரில் இடிக்கக் கூடாது. முன் பிரேக் பெரிதாக இருக்கும் என்பதால் முன்னும் பின்னும் மாட்டிப் பார்க்க வேண்டும். டயரின் மொத்த உயரம் மூலச் சக்கரத்தின் உயரத்தை ஒட்டி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டும் அச்சில் இரு பக்கமும் வேறுவேறு வேகத்தில் சுற்றி டிஃபரன்ஷியலைச் சூடேற்றும். கடைசியாக, அலாய் சக்கரத்துக்கான போல்ட் ஸ்டெப்னிக்கு நீளமாகவோ குட்டையாகவோ இருக்கலாம். அதற்குரிய போல்ட்டுகளையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

அடுத்தது பலரும் யோசிக்காத கேள்வி. ஒல்லிச் சக்கரத்தை மாட்டியாகிவிட்டது. கழற்றிய அகலச் சக்கரத்தை எங்கே வைப்பது? ஸ்டெப்னி இருந்த குழியில் அது இறங்காது. பக்கத்து இருக்கையில் வைத்தால் உடன் வந்தவர் எங்கே உட்காருவார்? பயணத்துக்கு முன் வீட்டு வாசலில் ஒருமுறை முழுதாகச் சக்கரம் மாற்றிப் பார்த்தால் இதற்கு விடை கிடைத்துவிடும். பையை யார் மடியில் வைப்பது, இருக்கையை எவ்வளவு முன்னால் தள்ளுவது என்பதை வாசலிலேயே முடிவு செய்யலாம். இருட்டில், கரிசலில் நின்று அந்த முடிவை எடுக்க முடியாது.

உள்ளே வைக்கிற எந்தச் சக்கரத்தையும் பட்டை போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். பத்துப் பதினைந்து கிலோ இரும்பு, திடீர் பிரேக்கில் இருக்கையைத் தாண்டி வரும். வண்டியில் இருப்பவர்களின் பின்மண்டைக்கு அது எமன்.

எங்கள் ஊருக்கு என்று ஒரு சேர்க்கை உண்டு. ஓரடி நீளத்தில் கெட்டியான ஒரு பலகை. ஈரக் கரிசலில் ஜாக்கி வைத்தால் கார் மேலே வராது, ஜாக்கிதான் கீழே இறங்கும். பலகையின் மேல் வைத்தால் நிற்கும். தாழ்ந்த காருக்கு அடியில் ஜாக்கி நுழையவில்லையென்றால், இன்னொரு மெல்லிய பலகையின் மேல் மற்ற சக்கரத்தை ஏற்றி இடம் உண்டாக்கலாம். லாரிக்காரர்கள் கட்டையில்லாமல் கிளம்புவதே இல்லை. அந்த வழக்கத்தை நாம் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்டெப்னிக்கும் வயதாகும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாவிட்டாலும் ரப்பர் காய்ந்து இறுகும். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் மூடிய காரின் பின்பக்கம் அடுப்பாகக் கொதிக்கும்போது அந்த முதுமை சீக்கிரமே வரும். கரைசல் குப்பிக்கும் காலாவதித் தேதி உண்டு. அதைத் திருப்பிப் பார்த்தவர்கள் குறைவு.

பட்டாசும் சக்கரமும்

இனிச் சொல்லப்போவதை இந்தப் பகுதிக்கு வரும் ஒவ்வொருவரும் மனதில் வைக்க வேண்டும்.

1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதிலிருந்து இந்த வறண்ட பூமி நெருப்பை நம்பிப் பிழைக்கிறது. தீபாவளிக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே விருதுநகர் - சிவகாசி சாலையில் வெளியூர்க் கார்கள் நிறைய ஆரம்பிக்கும். ரயிலில் பட்டாசு கொண்டுபோவது குற்றம். பிடிபட்டால் ரயில்வே சட்டம் 1989-இன்படி மூன்றாண்டு வரை சிறையும் கிடைக்கலாம். அதனால் காரில் வருகிறார்கள். வாங்கிய பெட்டிகளைப் பின்பக்கம் அடுக்குகிறார்கள். ஸ்டெப்னி அந்தப் பெட்டிகளுக்கு அடியில் போய்விடுகிறது.

வழியில் டயர் போனால் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். ஸ்டெப்னி வேண்டுமென்றால் பட்டாசு முழுவதையும் இறக்கி, போகிற வருகிற வண்டிகளுக்கு நடுவே சாலையோரம் அடுக்க வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பி, "கடை வரைக்கும் அப்படியே உருட்டிக்கிட்டுப் போயிரலாம்" என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அது பெரும் ஆபத்து. காற்றில்லாத டயர் மடங்கி மடங்கிச் சூடேறும், புகையும், தீயே பிடிக்கலாம். ரப்பர் கிழிந்து போனால் வளையம் சாலையில் உரசிப் பொறி பறக்கும். அதற்குச் சில அடி தள்ளிக் கந்தகமும் அலுமினியத் தூளும் அடைத்த பெட்டிகள். ஸ்டெப்னியே இல்லாத காரில் இந்தச் சபலம் இரட்டிப்பாகும். வேறு வழி இல்லாதவர் உருட்டத்தான் பார்ப்பார்.

ஸ்போர்ட்ஸ் காரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எஞ்சின் நடுவிலோ பின்னாலோ உள்ள கார்களில் சாமான் வைக்கும் இடம் எஞ்சினுக்கும் புகைபோக்கிக்கும் பக்கத்திலேயே அமைகிறது. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு அங்கே கைவைத்துப் பாருங்கள், தகிக்கும். அந்த இடம் பட்டாசுக்கானது இல்லை. அழுத்தம் ஏற்றிய டப்பாவில் வரும் கரைசலுக்கும் அது ஆகாது. பட்டாசு வேண்டுமென்றால் உரிமம் பெற்ற கடையில் வாங்கி, அதைக் கொண்டுசெல்ல அனுமதியுள்ள லாரி சர்வீஸில் பதிந்து அனுப்புங்கள். காரை நெடுவழிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் உதவி செய்ய ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்கள். அப்படி ஒரு நாளில் ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் போகவேண்டிய குறுகிய சாலைகள் இவை. எந்தச் சாலையில் எந்த நேரம் அந்த வண்டி வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆடி மாதம் இருக்கன்குடிக்கும், தைப்பூசத்துக்குத் திருச்செந்தூருக்கும் இதே ஓரங்களில்தான் மக்கள் இரவெல்லாம் நடந்து போகிறார்கள். பழுதாகி நிற்கும் கார் அவர்களை நடுச்சாலைக்கு இறக்கிவிடுகிறது. கால் மணி நேரத்தில் சக்கரம் மாற்றி விலகுவதும் ஐந்து மணி நேரம் மறித்து நிற்பதும் ஒன்றாகாது. ஸ்டெப்னியை நம் வசதிக்கான பொருளாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அது நாம் கடந்துபோகும் ஊர்களுக்குச் செலுத்தும் மரியாதையும்தான்.

புறப்படும் முன்

முதல் நாளே நான்கு டயருக்கும் ஸ்டெப்னிக்கும் காற்றுப் பாருங்கள். வண்டி குளிர்ந்திருக்கும் காலையில் பாருங்கள். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும் என்பதால் நண்பகலில் பார்த்த கணக்கு ஏமாற்றும்.

பூட்டுப் போல்ட்டின் சாவி காரிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். அது வீட்டு அலமாரியில் கிடந்தால் ஸ்டெப்னி இருந்தும் பயனில்லை.

வீல் ஸ்பேனர், ஜாக்கி, இரண்டு பலகை, கையுறை, நல்ல டார்ச், ஒளி பட்டால் மின்னும் முக்கோணம். முக்கோணத்தைக் காரோடு ஒட்டி வைக்காமல் நன்றாகப் பின்னால் தள்ளி வையுங்கள்.

ஸ்டெப்னி வைக்கவே முடியாத கார் என்றால், போகிற வழியில் உங்கள் டயர் எந்த ஊரில் கிடைக்கும் என்று முன்கூட்டியே பேசி எழுதி வையுங்கள். கிளைச் சாலைகளுக்குப் பகலிலேயே போய்த் திரும்புங்கள்.

அன்று தூக்கு வண்டி வரும்வரை அந்தப் பஞ்சர் கடைக்காரர் எங்களை விட்டுப் போகவில்லை. கடையைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து, வேலியோரம் கிடந்த உடைமரக் கொப்புகளை இழுத்துக் காருக்குப் பின்னால் வரிசையாகப் போட்டார். தன் எக்ஸெல் வண்டியின் விளக்கை எரியவிட்டு அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்தார். காசு கொடுத்தோம், வாங்கவில்லை. "அடுத்த தடவ ஸ்டெப்னியோட வாங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார்.

நண்பர் இப்போது ஒல்லிச் சக்கரம் ஒன்று வாங்கிவிட்டார். பயணப் பை இரண்டில் ஒன்று வீட்டிலேயே தங்குகிறது. அந்த இடத்தில் சக்கரம் பட்டை போட்டு இறுக்கிக் கிடக்கிறது. அன்றிரவு வீட்டுக்கு வந்து சேர்ந்த நான், செருப்பைக்கூடக் கழற்றாமல் என் சொந்தக் காரின் பின்பக்கத்தைத் திறந்தேன். பழைய செய்தித்தாள், குடை, குழந்தைகளின் கிரிக்கெட் மட்டை எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுத் தரையைத் தூக்கினேன். ஸ்டெப்னி இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், உள்ளே போனது. வாங்கிய நாளிலிருந்து அதற்கு ஒருமுறைகூட நான் காற்றடித்ததில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பஞ்சர் கடைக்குப் போனேன்.